பின்னணிக் குரல் இல்லாத ஆவணப்படம்தான் நேர்மையானதா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

எங்கள் ஊர்க் கைத்தறி நெசவாளர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுக்கப்போகிறேன். வர்ணனை வேண்டாம், பேட்டி வேண்டாம், இசை வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். கேமராவை வைத்துவிட்டு நடப்பதைப் பதிவு செய்வது மட்டும்தான். மற்ற பாணிகள் எல்லாம் பார்க்கிறவரை ஏதோ ஒரு விதத்தில் ஏமாற்றுகின்றன என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

பதில்: ஜூன் 3, இரவு

இசை வேண்டாம் என்பதை முழுசாக ஆதரிக்கிறேன். தறிச் சத்தம் இருக்கும்போது அதன் மேல் புல்லாங்குழல் எதற்கு?

மற்றதை ஏற்க முடியவில்லை. வர்ணனையை எடுத்துவிட்டால் இயக்குநர் பேசுவது நின்றுவிடும் என்று நினைக்கிறீர்கள். நிற்காது. எதற்குப் பிறகு எதை வைக்கிறார் என்பதிலேயே பேசிக்கொண்டிருப்பார். நான் பல வருடமாக எடிட்டிங்கில் இருப்பவன், இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. "இக்கிராம மக்கள் மகிழ்ச்சியுடன் வாழ்கின்றனர்" என்று ஒரு குரல் சொல்லும்போது திரையில் இருப்பவர் முகம் வாடியிருந்தால் பார்க்கிறவருக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். ஒரு ஷாட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஷாட்டை ஒட்டிச் சொல்லும் பொய் காதில் விழுவதே இல்லை. அதனால் அதை யாரும் எதிர்த்துக் கேட்பதும் இல்லை.

ஜூன் 4, காலை

உதாரணம் கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய படம் ஒன்று எடிட் செய்தேன். நீங்கள் விரும்புகிற பாணிதான், வர்ணனை கிடையாது. ஒரு அம்மா கணவர் இறந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிதானமாக இருந்தது, அழவில்லை. வேறொரு நாள் எடுத்த பதிவில் அதே அம்மா அதே புடவையில் சாலையைப் பார்த்துக்கொண்டு அமைதியாக நிற்கிற ஷாட் இருந்தது. அன்றைக்கு அவர் பேருந்து வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஷாட்டை எடுத்து, கணவரைப் பற்றிய பேச்சு முடிகிற இடத்தில் டைம்லைனில், அதாவது எடிட்டிங்கில் ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் இடத்தில், வைத்துப் பார்த்தேன். அறையில் இருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். உதவி இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சொல் கூட இல்லை, பேட்டி இல்லை, இசை இல்லை. எல்லாம் நிஜமாகவே நடந்தது. ஆனால் அந்தத் துயரத்தை உண்டாக்கியது நான்.

இயக்குநர் அதை எடுத்துவிடச் சொன்னார். அந்த அம்மா படம் பார்க்க வரும்போது "நான் பஸ்ஸுக்குத்தானே நின்னேன்" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்றார். அன்றிலிருந்து எந்த ஆவணப்படத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது அந்தக் கேள்விதான்.

ஜூன் 4, மாலை

நீங்கள் சொல்லும் பாணி எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது முதலில் கருவிகளால் வந்தது. 1950களின் கடைசி வரை வசனத்தோடு எடுக்க வேண்டுமென்றால் கனமான கேமரா, ஒலிப்பதிவு வண்டி, விளக்குகள், ஆட்கள் என்று ஒரு படையே போக வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடிய 16 எம்எம் கேமராவும், நாக்ரா போன்ற சிறிய டேப் ரெக்கார்டரும், இரண்டும் ஒத்திசைந்து ஓடும் வசதியும் வந்த பிறகுதான் ஆளோடு ஆளாகப் போய் எடுக்க முடிந்தது. அமெரிக்காவில் ராபர்ட் ட்ரூ குழு 1960இல் எடுத்த 'பிரைமரி'தான் இதில் எல்லோரும் முதலில் சொல்வது. விஸ்கான்சின் மாநிலத்தில் கென்னடியும் ஹம்ஃப்ரியும் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஆவதற்காகப் போட்டியிடுகிறார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு கென்னடி அரங்குக்குள் போகிறார், ஒளிப்பதிவாளர் ஆல்பர்ட் மேசல்ஸ் கேமராவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அவர் பின்னாலேயே போகிறார். இன்று எல்லா அரசியல் வீடியோவிலும் பார்க்கிற ஷாட் அது. அதற்கு முன்னால் ஒரு தலைவரின் பிடரியை அவ்வளவு நேரம் காட்டுவது வழக்கமில்லை.

அந்தப் படத்திலேயே சில இடங்களில் வர்ணனை உண்டு என்பதையும் கவனியுங்கள்.

ஜூன் 5

'நானூக் ஆஃப் த நார்த்' படத்தை இழுக்காமல் இந்தப் பேச்சு நடக்காது. ராபர்ட் ஃப்ளஹர்ட்டி, 1922. கனடாவின் ஹட்சன் விரிகுடாப் பக்கம் நானூக் என்ற இன்யூட் (எஸ்கிமோ) வேட்டைக்காரரின் குடும்பத்தைப் பற்றி எடுத்தது, ரெவியோன் என்ற பிரெஞ்சு ரோம வியாபார நிறுவனத்தின் பணத்தில். நானூக்காக வருபவரின் நிஜப் பெயர் அல்லகரியல்லக். படத்தில் மனைவியாக வருபவர் அவர் மனைவி இல்லை. துப்பாக்கி பழக்கத்தில் இருந்த காலத்தில் ஈட்டியோடு வேட்டையாட வைத்தார்கள். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று பெரிய பனிவீடு ஒன்றைக் கட்டி, அதில் பாதியை வெட்டித் திறந்துவிட்டு, அந்தக் குளிரில் குடும்பத்தைத் தூங்கி எழுவதுபோல நடிக்கச் சொன்னார்கள். கிராமபோன் தட்டை அவர் கடித்துப் பார்க்கும் காட்சி எனக்கு இன்றும் கோபம் வரவைக்கிறது. அது என்னவென்றே தெரியாதவர்போல அவரைக் காட்டியிருக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தப் படத்தைத் தூக்கிப்போட என்னால் முடியவில்லை. ஃப்ளஹர்ட்டி எடுத்த ஃபிலிமை அங்கேயே கழுவி, அங்கேயே அந்த மக்களுக்குத் திரையிட்டுக் காட்டினார். வால்ரஸ் என்ற கடல் விலங்கை வேட்டையாடும் காட்சியைப் பார்த்து அவர்கள் கத்தி ஆர்ப்பரித்தார்கள், அடுத்து என்ன எடுக்கலாம் என்று அவர்களும் யோசனை சொன்னார்கள். ஃபிலிம் கழுவுவதிலும் கேமராவைப் பழுது பார்ப்பதிலும் அவர்கள் கை இருந்தது. இதில் எது முக்கியம் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜூன் 5, இரவு

மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் தபால் துறைக்காக 1936இல் வந்த 'நைட் மெயில்' படத்தில் ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் காட்சி ஸ்டுடியோவில் போட்ட செட். பிரிக்கிறவர்கள் நிஜத் தபால் ஊழியர்கள். ரயில் ஆடுவதுபோல அவர்களை ஆடச் சொல்லி எடுத்தார்கள். முடிவில் டபிள்யூ.எச். ஆடனின் கவிதை ரயில் தாளத்தில் வாசிக்கப்படுகிறது. அது வர்ணனைதான். ஆனால் அந்தக் குரல் யாரையும் கீழே வைத்துப் பேசவில்லை. குரல் இருக்கிறதா என்பதை விட்டுவிட்டு, அது எந்த உயரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

ஜூன் 7

"அப்படியானால் எல்லாமே பொய், எந்தப் பாணியில் எடுத்தால் என்ன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த முடிவுக்குப் போவதைத்தான் நான் அஞ்சினேன். இல்லை. எல்லாப் படமும் செய்யப்பட்டதுதான், அதனால் எல்லாம் ஒன்று என்று ஆகிவிடாது.

பாரிஸில் 1960 கோடையில் ழான் ரூஷும் எட்கர் மோரனும் எடுத்து, 1961இல் வெளிவந்த 'ஒரு கோடையின் வரலாறு' இருக்கிறது. அமெரிக்கர்கள் சுவரோரம் ஒதுங்கி நின்று பார்த்த அதே காலத்தில் இவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி "சந்தோஷமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டார்கள். கேமரா இருப்பதால் ஒருவர் மாறுகிறார் என்றால் அந்த மாற்றத்தையும் எடு என்பது இவர்கள் வழி. நாஜி முகாமிலிருந்து உயிரோடு திரும்பிய மார்செலின் லொரிடான் டேப் ரெக்கார்டரைத் தோள்பையில் போட்டுக்கொண்டு பாரிஸ் தெருவில் தனியாக நடக்கிறார். திரும்பி வராத தன் அப்பாவோடு பேசுகிறார். கேமரா அவரை விட்டுப் பின்வாங்கிப் போகிறது, குரல் மட்டும் காதருகிலேயே இருக்கிறது. நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் காட்சி.

அப்புறம் முடிவில் என்ன செய்தார்கள் தெரியுமா? படத்தில் வந்தவர்களை எல்லாம் அரங்கில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைப் படமெடுத்தார்கள். இது அந்தரங்கத்தை அம்பலப்படுத்துகிறது என்கிறார் ஒருவர். இதெல்லாம் நடிப்பு என்கிறார் இன்னொருவர். அந்தச் சண்டையும் படத்துக்குள் இருக்கிறது. பிறகு இரண்டு இயக்குநர்களும் மியூசியம் வராந்தாவில் நடந்தபடி, நாம் நினைத்தது நடந்ததா என்று பேசிக்கொள்கிறார்கள்.

நான் தேடுவது இதைத்தான். எடுக்கப்பட்டவர் எடுத்தவரை மறுத்துப் பேச அந்தப் படத்துக்குள் எங்கேயாவது இடம் இருக்கிறதா? வர்ணனை இருக்கிறதா, பேட்டி இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

ஜூன் 8

வர்ணனை மீது நமக்கு இருக்கிற வெறுப்புக்கு ஒரு காரணம் உண்டு, நாம் வளர்ந்த தியேட்டர்கள். மத்திய அரசு 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷனின் படங்களை மெயின் படத்துக்கு முன்னால் போட்டே ஆக வேண்டும் என்பது அன்றைய தியேட்டர் லைசென்ஸ் நிபந்தனை. அணை, உரம், குடும்பக் கட்டுப்பாடு. எல்லா மொழியிலும் அதே கணீர்க் குரல். அது ஓடுகிற நேரத்தில் வெளியே முறுக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் நாம். அதனால் ஆவணப்படம் என்றாலே அதட்டுகிற குரல் என்று மனதில் பதிந்துவிட்டது.

ஆனால் அதே நிறுவனத்துக்குள் எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1967இல் 'ஐ ஆம் ட்வென்டி' எடுத்தார். சுதந்திரம் கிடைத்த நாளில் பிறந்தவர்களை இருபது வயதில் தேடிப் போய் நாட்டைப் பற்றிக் கேட்டார். பதில்களில் நம்பிக்கை உண்டு, எரிச்சல் உண்டு, அலட்சியமும் உண்டு. அரசாங்கத்தின் பணத்திலேயே அரசாங்கம் எதிர்பார்க்காத பதில்கள். அதே வருடத்துப் படமான சுக்தேவின் 'இந்தியா 67'இல் வர்ணனையே கிடையாது. இரண்டையும் தேடிப் பாருங்கள், உங்களுக்குப் பிடிக்கும்.

நம்மவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில் காந்தியைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. உலகம் சுற்றி, யார் யாரோ எப்போதோ எடுத்து வைத்திருந்த காந்தியின் ஃபிலிம் துண்டுகளைத் தேடிச் சேர்த்து 1940இல் படமாக வெளியிட்டார். எங்கோ கிடந்த ஃபிலிமைத் தேடி எடுத்துத் தொகுப்பதும் ஒரு பாணி. 'கேமராவை வைத்துவிட்டுப் பார்த்திருப்பது' என்ற உங்கள் இலக்கணத்தில் அவருக்கு எங்கே இடம்?

ஜூன் 9

விலங்குப் படங்களில் கேட்கும் சத்தமெல்லாம் நிஜமா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. காலடிச் சத்தம், இலை மெல்லும் சத்தமெல்லாம் பெரும்பாலும் ஸ்டுடியோவில் சேர்ப்பது. தூரத்து லென்ஸில் எடுக்கும்போது ஒலி கிடைக்காது. இது எனக்குப் பெரிய குற்றமாகத் தெரியவில்லை. 1958இல் வந்த டிஸ்னியின் 'ஒயிட் வில்டர்னெஸ்' செய்தது வேறு. லெம்மிங் எலிகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று காட்டுவதற்காக, வேறு இடத்திலிருந்து வாங்கி வந்த எலிகளை மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள். படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்த எலிகள் எழுந்து மறுத்துப் பேசப் போவதில்லை, நான் முன்னே கேட்ட கேள்வியும் இங்கே உதவாது.

ஜூன் 11

இரண்டு நாளாக, 'மறுத்துப் பேச இடம் இருக்கிறதா' என்ற என் அளவுகோலையே சோதித்துக்கொண்டிருக்கிறேன். அது முழுசாகப் போதவில்லை.

ஃப்ரெடெரிக் வைஸ்மனின் 'டிட்டிகட் ஃபாலிஸ்', 1967. உங்கள் பாணியின் உச்சம் என்று சொல்லலாம். வர்ணனை இல்லை, பேட்டி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிரிட்ஜ்வாட்டரில், மனநோயாளிகளான கைதிகளை அடைத்துவைத்த இடம். சாப்பிட மறுக்கும் ஒருவருக்கு மூக்கு வழியாகக் குழாய் செருகுகிறார் மருத்துவர், வாயில் சிகரெட், சாம்பல் விழப்போகிறது. அதற்கு நடுவே அதே மனிதர் இறந்த பிறகு அவர் உடலுக்கு முகம் மழித்துத் தயார் செய்வது வெட்டி வெட்டிக் காட்டப்படுகிறது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத கவனிப்பு பிணத்துக்குக் கிடைத்தது என்று எந்தக் குரலும் சொல்லவில்லை, கட் சொல்கிறது. என் பேருந்து ஷாட்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே தந்திரம். இங்கே அது உண்மையைச் சொல்கிறது, அங்கே பொய்யைச் சொல்லியிருக்கும்.

இப்போது என் கேள்வி. அந்தக் கைதிகளில் பலர் சம்மதம் சொல்லும் நிலையிலேயே இல்லை. மறுத்துப் பேச இடமும் இல்லை. அந்தக் காரணத்தைத்தான் மாநில அரசும் பிடித்துக்கொண்டது. கைதிகளின் அந்தரங்கத்தைக் காக்கிறோம் என்று நீதிமன்றம் போய்ப் படத்தைப் பொதுமக்கள் பார்க்க முடியாமல் செய்தது. 1991இல்தான் தடை விலகியது. அந்தரங்கத்தை உண்மையில் மிதித்தது அந்த இடத்தை நடத்தியவர்கள். மறுத்துப் பேசும் உரிமையை எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்தால் அதிகாரத்தில் இருப்பவர் முதலில் வந்து அதை எடுத்துக்கொள்வார். ஆகவே ஜூன் 7 குறிப்போடு இதையும் சேர்த்து வாசியுங்கள்: யார் மறுப்பதற்கு இடம் என்பதும் முக்கியம்.

ஜூன் 11, இரவு

நடித்துக் காட்டும் மறுஉருவாக்கம் மோசடி என்று கொதித்த நண்பருக்கு: எரல் மோரிஸின் 'த தின் புளூ லைன்' (1988) பாருங்கள். டாலஸில் 1976இல் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். ரேண்டல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்தார்கள். மோரிஸ் அந்த இரவை நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தார், ஒவ்வொரு சாட்சி சொன்னபடி ஒவ்வொரு விதமாக. அவை ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது பார்க்கிறவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. பின்னணியில் ஃபிலிப் கிளாஸின் இசை வேறு. நீங்கள் விலக்கி வைத்த எல்லாமே அதில் இருக்கிறது. படம் வந்த மறு வருடம் ஆடம்ஸ் வெளியே வந்தார். முக்கிய சாட்சியின் கடைசிப் பேட்டி நடந்த நாளில் கேமரா பழுதாகிவிட்டது. அதனால் ஒரு டேப் ரெக்கார்டரைக் காட்டியபடி வெறும் குரலை மட்டும் ஓடவிடுகிறார். படத்தின் கனமான இடம் அது.

ஜூன் 14

ஆனந்த் பட்வர்தனைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டேன், நீண்டுவிடும் என்று.

'பம்பாய் அவர் சிட்டி', 1985. குடிசைகள் இடிக்கப்பட்டவர்களைப் பற்றிய படம். அதில் வீடிழந்த ஒரு பெண் படக்குழுவைப் பார்த்தே திட்டுகிறார். ஏழைகளைப் படம் பிடித்து நீங்கள் பேர் வாங்கிக்கொள்வீர்கள், எங்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கிறார். வேறு இயக்குநராக இருந்தால் அந்த ரீல் எடிட்டிங் அறையைத் தாண்டியிருக்காது. பட்வர்தன் அதைப் படத்தில் வைத்தார். பதில் சொல்லவில்லை, தன்னை நியாயப்படுத்தவும் இல்லை.

அதே படத்தில் விலாஸ் கோக்ரே என்ற தலித் பாடகர் பாடுகிறார். 1997 ஜூலையில் பம்பாய் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள் மீது போலீஸ் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். அதைத் தாங்க முடியாமல் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். பட்வர்தன் அங்கிருந்து தொடங்கிப் பதினான்கு வருடம் எடுத்த படம் 'ஜெய் பீம் காம்ரேட்' (2011). ஒரு படத்தில் பாடியவருக்காக இன்னொரு படம். பேட்டி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, கேமராவுக்குப் பின்னாலிருந்து கேள்வி கேட்கும் இயக்குநரின் குரல் இருக்கிறது. இதற்குப் பாணியின் பெயர் வைத்து அடைக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போவதும் ஒரு முறைதான் என்று சொல்வேன்.

ஜூன் 15

தமிழில் ஒரு படம் சொல்லுங்கள் என்றால் ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003). மதுரைத் தெரு ஒன்றில் மலம் அள்ளும் ஒரு பெண் தொழிலாளியின் வேலையைக் கேமரா விடாமல் பின்தொடர்கிறது. வேலை செய்துகொண்டே அவர் அமுதனோடு பேசுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைக்கும் நேரத்தில் கட் வராது. உங்களுடைய 'பார்த்திருக்கும்' பாணியின் பொறுமையும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது.

ஜூன் 18

படப்பிடிப்பு தொடங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் நடுநடுவே கேமராவைப் பார்த்து "சாப்பிட்டீங்களா தம்பி" என்று கேட்கிறார், கூலி எவ்வளவு தருகிறார்கள் தெரியுமா என்கிறார், அதனால் ஷாட் எல்லாம் வீணாகிறது, வெட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வெட்டாதீர்கள், தயவுசெய்து. உங்களை மனிதனாக நினைத்துப் பேசுகிறார். நீங்கள் அங்கே இல்லாததுபோல் காட்டுவதற்காக அவர் பேச்சை வெட்டினால், நிஜமாக நடந்த ஒன்றை உங்கள் கொள்கைக்காக மறைக்கிறீர்கள் என்றாகும். பதில் சொல்லுங்கள். உங்கள் குரலும் பதிவாகட்டும். கூலியைப் பற்றி அவரே எடுத்திருக்கிறார், அடுத்த கேள்வியைக் கேளுங்கள். பாவு (தறியில் நீளவாட்டில் கட்டும் நூல்) யார் கொடுக்கிறார்கள், நூல் விலை யார் கையில், மழைக்காலத்தில் குழிக்குள் தண்ணீர் வந்தால் எத்தனை நாள் வேலை போகும். இவையெல்லாம் வெறும் பார்வைக்குத் தெரியாது. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு தறியில் நாடா ஓடுவது அழகாக இருக்கும், அந்த அழகிலேயே படம் முடிந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஜூன் 19

ஒலி பற்றி. தறி ஓடும்போது பேச்சு எடுபடாது, நெஞ்சில் குத்தும் சின்ன மைக் ஒன்று அவருக்கு வைத்துவிடுங்கள். வைக்கும்போதே, இது போட்டிருக்கிற வரை நீங்கள் பேசுவது எல்லாம் பதிவாகும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் போகும்போது கழற்றிவிட வேண்டும். தறி நிற்கும்போது இருக்கிற அறையின் அமைதியைத் தனியாக ஒரு நிமிடமாவது எடுத்து வையுங்கள், எடிட்டருக்கு அது இல்லாமல் கை ஓடாது.

ஜூன் 26

ரஃப் கட் (முதல் கட்டத் தொகுப்பு) தயாரானதும் முதலில் விழாவுக்கு அனுப்ப நினைப்பதாகச் சொன்னீர்கள். வேண்டாம். முதலில் தறிக்காரர்கள் பார்க்கட்டும், வேலை முடிந்த மாலையில், பெண்களும் உட்கார வசதியான இடத்தில். எடிட்டரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாற்ற இன்னும் நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும், எல்லாம் முடித்துவிட்டுக் காட்டினால் அது வெறும் மரியாதை. கூலி கொடுக்கும் முதலாளிக்கு வேறொரு நாள் தனியாகக் காட்டுங்கள், இருவரையும் சேர்த்து உட்காரவைத்தால் நெசவாளர் வாய் திறக்க மாட்டார். அந்த மாலை ஒரு கேமராவை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள், அவர்கள் சரி என்றால் மட்டும். யாராவது "இது நான் சொன்னது இல்லை" என்றால் அந்த இடத்தின் டைம்கோடை (படத்தில் அது வரும் நிமிடம், நொடி) குறித்துக்கொண்டு, ரஷஸில் (வெட்டாத மூலப் பதிவில்) அவர் முழுசாகப் பேசியதை அன்றிரவே எடுத்துப் பாருங்கள்.